வழிகாட்டுவோரின் சொல்



'ஆறு' என்னும் சொல் தமிழில் ஓடும் நீரையும் குறிக்கும். நடக்கும் வழியையும் குறிக்கும். ஒருவரை வழியில் செலுத்துதல் ஆற்றுப்படுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் கண்ட வழியை எடுத்துரைத்து, தான் பெற்ற பேற்றை அவனும் பெறச் செய்வது ஆற்றுப்படை என்னும் துறை. பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் இத்துறையைச் சார்ந்தவை. உலக இலக்கியத்தில் வழிகாட்டுவோனின் குரலுக்கு இத்தனை பெருமை தந்த மொழிகள் மிகச் சிலவாகவே இருக்கும்.

இன்று 'வழிகாட்டிப் பயணம்' என்ற பெயரில் உலகெங்கும் நடைபெறும் ஒரு வழக்கத்தை இந்தப் பழந்துறையின் ஒளியில் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். வெப்பமண்டல நாடுகளுக்கு, காடும் கோயிலும் கலையும் ஒருங்கே காணும் பொருட்டு, பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் செல்கின்றன. பயண நிரல் முன்னரே அச்சிடப்படுகிறது. காலையில் மழைக்காடு, நண்பகலில் பழங்கோயில், இரவில் கூத்து. ஒவ்வோரிடத்திலும் அவ்வூர் வழிகாட்டி ஒருவர் வந்து இணைகிறார். பயணம் முடிந்ததும் சென்றவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், கவிதையும் எழுதுகிறார்கள். அவற்றில் மலை இருக்கிறது, மழை இருக்கிறது, எழுதியவரின் வியப்பும் இருக்கிறது. அந்த வியப்பைக் கைகாட்டித் தந்தவர் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்த விடுபாடு இலக்கியத்தில் எதை இழக்கச் செய்கிறது என்பது கவிஞர்கள் கூடிய இந்த அவையில் எழுப்பத்தக்க வினா.

பழைய வழிகாட்டி

சிறுபாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழி, நிலந்தோறும் மாறும் உணவாலும் விருந்தோம்பலாலும் அடையாளம் பெறுகிறது. எயிற்பட்டினத்துக் கடற்கரையில் சுட்ட மீன். வேலூரில் புளி கலந்த சோறு. ஆமூரில் வெண்சோறும் நண்டும். நிலமும் தொழிலும் உணவும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. இயற்கை வேறு, பண்பாடு வேறு என்ற பிரிவினை அப்புலவர்க்கு இல்லை. திணை என்னும் கோட்பாடே அப்பிரிவினைக்கு இடந்தராதது.

மலைபடுகடாம் 583 அடிகளில் இன்னொரு பாடம் கற்பிக்கிறது. கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் அவ்வழிகாட்டி மலையின் அழகை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. விலங்குக்கு வைத்த பொறிகளைச் சொல்கிறான். பாம்பு உறையும் இடங்களைச் சொல்கிறான். தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கல்லுக்கு ஒதுங்கும் முறையைச் சொல்கிறான். வழுக்கும் பாறையைச் சொல்கிறான். அவன் புகழ்கின்ற நாட்டைப் பற்றியே எச்சரிக்கையும் செய்கிறான். உண்மையான வழிகாட்டியின் இலக்கணம் அதுவே. அழகை மட்டும் சொல்வது அச்சிட்ட விளம்பரத் தாளுக்குப் போதும்; தன் சொல்லை நம்பி ஒருவர் காலெடுத்து வைப்பார் என அறிந்தவர்க்குப் போதாது.

இவ்விரு பண்புகளையும், அதாவது நிலத்தையும் வாழ்வையும் ஒன்றாகக் காட்டுதல், இன்னலையும் மறையாது சொல்லுதல் ஆகியவற்றை, இன்றைய வெப்பமண்டலப் பயணங்களில் தேடிப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற முதல் இடம் போர்னியோ.

காட்டில் கண்

மலேசியாவின் சபா மாநிலத்தில் ஏறத்தாழ 560 கிலோமீட்டர் ஓடும் கினாபத்தாங்கான், அம்மாநிலத்தின் மிக நீண்ட ஆறு. அதன் கரையில் வாழும் மக்களின் பெயரே 'ஓராங் சுங்கை', அதாவது ஆற்று மக்கள். மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதர். 'ஊத்தான்' என்றால் காடு. அக்காட்டில் வாழும் செந்நிறப் பெருங்குரங்கு 'ஓராங் ஊத்தான்', காட்டு மனிதர். ஒரே சொல் மனிதக் கூட்டத்தையும் குரங்கினத்தையும் தொட்டு நிற்பதே அந்நிலத்தின் திணைக் கல்வி.

மழைக்காட்டிற்கு முதன்முறை செல்பவர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். நூல்களில் கண்ட விலங்குகள் எதிரே வந்து நிற்பதில்லை. எங்கும் பச்சை, அதற்கு மேலும் பச்சை. வழிகாட்டி அந்தப் பச்சையைப் பிரித்து வாசிக்கிறார். கிளை நுனிகளை வளைத்து ஒடித்து அமைத்த கூடு ஒன்றைக் காட்டி, இலைகள் இன்னும் வாடவில்லை, நேற்றிரவு ஓராங் ஊத்தான் இதில் உறங்கியிருக்கிறது என்கிறார். அக்குரங்கு ஒவ்வொரு மாலையும் புதுக்கூடு அமைக்கும் இயல்புடையது. அறிஞர்களும் கூடுகளை எண்ணியே அதன் தொகையை மதிப்பிடுகின்றனர். அத்தி பழுத்திருக்கிறது, இருவாச்சிகள் வரும் என்கிறார், வருகின்றன. நீண்ட மூக்குடைய குரங்குகள் மாலையில் ஆற்றோர மரங்களுக்கு உறங்க வரும் என்பதை அறிந்தே படகுப் பயணம் மாலைக்கு வைக்கப்படுகிறது. பயணிக்குத் தற்செயலாகத் தோன்றும் காட்சிகளின் பின்னால் வழிகாட்டியின் நெடுநாள் கவனம் இருக்கிறது.

ஆயினும் அவ்வாற்றில் விலங்குகள் இத்தனை எளிதில் கண்ணுக்குப் படுவதன் காரணம் மகிழத்தக்கதன்று. ஆற்றின் இருமருங்கிலும் காட்டை அழித்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரந்துவிட்டன. எஞ்சியது கரையோரக் காட்டின் ஒடுங்கிய பட்டை. யானையும் குரங்கும் பறவையும் அந்தப் பட்டைக்குள் நெருக்கப்பட்டுள்ளன. பயணி படகில் இருந்தபடியே பத்து வகை விலங்குகளைக் கண்டுவிட்டேன் என்று மகிழ்கிறார். அந்த எளிமையே ஒரு நிலத்தின் சுருக்கம் என்பதை விளம்பரத் தாள் சொல்லாது. மலைபடுகடாத்தின் வழியில் வந்த வழிகாட்டி சொல்வார்; படகைச் சற்றே திருப்பி, மெல்லிய மரவரிசைக்கு அப்பால் தெரியும் பனைவரிசையையும் காட்டுவார்.

அவ்வாற்றங்கரையில் உள்ள பத்து பூத்தே என்னும் ஊர் மக்கள் தம் வீடுகளிலேயே பயணிகளைத் தங்கவைத்து, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அழிந்த காட்டில் மரக்கன்று நடும் பணியையும் செய்துவருகின்றனர். அங்கு விருந்தும் காடும் ஒரே கணக்கில் வருகின்றன. ஆமூர் உழவர் வீட்டு நண்டையும் வெண்சோற்றையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்று பெயரிடப்பட்ட மரம் ஒன்று உண்டு. மெனாரா என்றால் கோபுரம். 2018இல் வானிலிருந்து செலுத்திய ஒளியளவை முறையால் அதன் உயரம் புலப்பட்டது. எனினும் ஐயம் தீர்ந்தது, அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்த உண்டிங் ஜாமி என்பவர் 2019 ஜனவரியில் உச்சிவரை ஏறி அளவு நாடாவைக் கீழே தொங்கவிட்ட போதுதான். உயரம் 100.8 மீட்டர். கருவி சுட்டியதை மனிதக் கை உறுதி செய்தது. அவர் பெயர் செய்தியோடு சேர்ந்தே உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இது குறிப்பிடத்தக்க மாற்றம். முன்னைய நூற்றாண்டுகளில் வழக்கம் அவ்வாறில்லை.

பெயர் பெற்றோரும் விடுபட்டோரும்

1818ஆம் ஆண்டு சுமத்திராவின் பெங்கூலுப் பகுதியில் ராஃபிள்ஸ் என்னும் ஆங்கில ஆளுநரின் குழு காட்டினூடே சென்றது. உடன் சென்ற மருத்துவர் ஜோசப் அர்னால்டு. குழுவின் மலாய்ப் பணியாளர் ஒருவர் தரையில் மலர்ந்திருந்த மிகப் பெரும் பூவொன்றைக் கண்டு, வியப்போடு ஓடிவந்து அர்னால்டை அழைத்துச் சென்று காட்டினார். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் அம்மலருக்கு இலையில்லை, தண்டில்லை. காட்டுக் கொடியொன்றின் உடலுக்குள் ஒட்டுண்ணியாய் வாழ்ந்து, மொட்டாக வெளிவந்து, ஒரு வாரத்துக்குள் கருகிவிடும். அறிவியல் உலகம் அதற்கு 'ரஃப்ளேசியா அர்னால்டி' என்று பெயரிட்டது. முதற்சொல் ஆளுநருக்கு, அடுத்த சொல் மருத்துவருக்கு. அர்னால்டும் அவ்வாண்டிலேயே காய்ச்சலால் மாண்டார். தம் கடிதத்தில் அவர் அப்பணியாளரின் வியப்பைப் பதிவு செய்திருக்கிறார்; அந்த நேர்மை போற்றத்தக்கது. பணியாளரின் பெயரை மட்டும் பதிவு செய்யவில்லை. மலரை முதலில் கண்டு மகிழ்ந்த மனம் பெயரின்றிப் போயிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்கவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் திரிந்து 1,25,660 உயிரின மாதிரிகளைத் திரட்டியவர். பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையிலுள்ள குறுகிய கடலின் இருபுறமும் பறவையினங்கள் வேறுபடுவதைக் கண்டு, ஆசிய உயிர்களுக்கும் ஆஸ்திரேலிய உயிர்களுக்கும் இடையே எல்லை வகுத்தவர். சரவாக்கில் அவரிடம் பணிக்கு வந்த அலி என்னும் மலாய் இளைஞர், முதலில் சமையல் செய்தார். பிறகு பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்தார். 1858இல் பச்சான் தீவில், மார்பில் பச்சை ஒளிரும் அரிய பறவையொன்றை வேட்டையாடி வாலஸிடம் கொண்டுவந்து காட்டியவர் அலியே. அப்பறவைக்கு வாலஸின் பெயர் சூட்டப்பட்டது. அலிக்கு மிஞ்சியது என்ன? வாலஸ் தம் நூல்களில் அலியைப் பெயர் சொல்லி எழுதினார்; பிரியும் நாளில் சிங்கப்பூரில் எடுத்த அலியின் நிழற்படத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டார். 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பர் தெர்னாத்தே தீவில் இருந்தபோது முதியவர் ஒருவர் அணுகி, தாம்தான் அலி வாலஸ் என்று அறிமுகம் செய்துகொண்டதாக எழுதியுள்ளார். தலைவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஐம்பதாண்டுக் காலம் வாழ்ந்த அம்முதியவரின் உறவை அன்பு என்பதா, அடிமைக் காலத்தின் வடு என்பதா? இரண்டும் அதில் கலந்திருக்கலாம். எவ்வாறாயினும் எழுத்தில் பெயர் இருந்தமையால்தான் இன்று இவ்வினாவையேனும் எழுப்ப முடிகிறது. சுமத்திராப் பணியாளரைப் பற்றி அந்த வினாவுக்கும் இடமில்லை.

கல்லும் வயலும்

காட்டிலிருந்து பயணக்குழு சாவகத்துக்கு வருகிறது. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் சாவக நாட்டைப் பேசும். அங்குள்ள போரோபுதூர், சைலேந்திரர் காலத்தில் எழுந்த பெரும் பௌத்த நினைவுச்சின்னம். 504 புத்தர் சிலைகளும் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகளும் கொண்டது. வலமாகச் சுற்றி ஏறுவோர்க்கு அச்சிற்பங்கள் தொடர்கதையாக விரியும். வழிகாட்டியின்றிச் சுற்றுவோர் கல்லைக் காண்பர். வழிகாட்டியோடு சுற்றுவோர் கதையைக் காண்பர்.

அச்சின்னத்தின் அடித்தளத்தில் 160 பலகைகள் கல்லடுக்கால் மூடப்பட்டிருப்பது 1885இல் தெரியவந்தது. வினையும் விளைவும் பற்றிய சிற்பங்கள் அவை. கல்லை அகற்றி, 1890-91இல் அவற்றை ஒவ்வொன்றாக நிழற்படமெடுத்தவர் காசியான் செபாஸ் என்னும் சாவகக் கலைஞர். பிறகு அடித்தளம் மீண்டும் மூடப்பட்டது. தென்கிழக்கு மூலை மட்டும் இன்று திறந்திருக்கிறது. மூடிய கதையை உலகம் காண்பது பெரும்பாலும் செபாஸின் படங்கள் வழியேதான். அவரும் ஒருவகையில் ஆற்றுப்படுத்துவோரே.

1975 முதல் 1982 வரை பெரும் சீரமைப்புப் பெற்று, 1991இல் உலக மரபுச் சின்னமான போரோபுதூரின் படிகள், ஏறியிறங்கிய கால்களால் தேய்ந்தன. ஆகவே 2023இல் புதிய ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 1,200 பேர் மட்டும், வழிகாட்டியின் துணையோடு, 'உபானத்' என்னும் மெல்லிய செருப்பணிந்து ஏறலாம் என்பது அப்போதைய விதி. அச்செருப்பின் வடிவம் அச்சின்னத்தின் சிற்பமொன்றைத் தழுவியது. அதன் பெயர் வடமொழி வழிச் சொல். காண வருவோரின் அன்பும் ஒரு சுமையே என்பதைக் கல் உணர்த்திற்று.

அடுத்துள்ள பிரம்பானானில் சிவன் கோயிலிலும் பிரமன் கோயிலிலும் இராமகாதை கல்லில் ஓடுகிறது. 1961 முதல் அக்கோயில் வளாகத்தில் இராமாயண நாட்டியம் உரையாடலின்றி ஆடப்பட்டுவருகிறது. ஆடுவோரில் பெரும்பாலோர் இசுலாமியர். காதை தம் மூதாதையர் சொத்து என்பதில் அவர்க்கு ஐயமில்லை. சமயம் மாறினும் கதை மாறாத இந்நிலையை ஒரே தொடரில் சொல்லிவிடும் சாவக வழிகாட்டி, பல நூல்கள் செய்யும் பணியைச் செய்துவிடுகிறார்.

பாலித் தீவின் படிவயல்கள் பயணிகளின் நிழற்படங்களில் அழகுக் காட்சியாக இடம்பெறுவன. அவ்வயல்களை நிலைநிறுத்துவது 'சுபாக்' என்னும் பாசன அமைப்பு. ஒரே நீரைப் பகிரும் உழவர்கள் கூடி, நீர்க்கோயில்களின் நாள்முறையை ஒட்டி, எப்போது விதைப்பது, எப்போது நிலத்தைத் தரிசாக விடுவது என்று முடிவு செய்கின்றனர். 1970களில் பசுமைப் புரட்சித் திட்டத்தினர் இம்முறையை ஒதுக்கி, இடைவிடாது நெல் விளைவிக்கச் சொன்னார்கள். நீர் முறை குலைந்தது, பூச்சிகள் பெருகின. ஸ்டீபன் லான்சிங் என்னும் மானிடவியலாளர், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து கணிப்பொறி வழி ஆராய்ந்து, கோயில் முறையே நீரையும் பூச்சியையும் சமன் செய்யும் தக்க ஏற்பாடு என்று காட்டினார். அண்டை வயல்கள் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவில்லை. ஒரே காலத்தில் யாவரும் நீர் கேட்டால் ஆற்றில் நீரில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டது பூசையின் நாள்காட்டி. 2012இல் சுபாக் நிலக்காட்சி உலக மரபாக ஏற்கப்பட்டது. எனினும் அதே தீவில் பயணிகளின் விடுதிகளுக்காக வயல்கள் விலைபோவதும், நீருக்குப் போட்டி எழுவதும் நிற்கவில்லை. வயலைக் காண வந்தவரின் குளியல் நீர், வயலின் நீராகவும் இருக்கலாம். இதையும் சொல்ல வேண்டியவர் வழிகாட்டியே.

காட்டாமல் விடுவது

வழிகாட்டியின் கடமை காட்டுவது மட்டுமன்று. பாலியில் ஆடவர் நூற்றுக்கணக்கில் வட்டமாய் அமர்ந்து குரலொலி எழுப்பி ஆடும் 'கெச்சாக்' கூத்தைப் பயணிகள் தொன்மைச் சடங்கு என்றே எண்ணுவர். அக்குரலொலி சங்க்யாங் என்னும் சடங்கிலிருந்து வந்ததே. ஆனால் இராமகாதையோடு இணைத்து அரங்கக் கூத்தாக அது உருவானது 1930களில். பாலிக் கலைஞர் வாயான் லிம்பாக்கும் அங்கு வாழ்ந்த செருமானிய ஓவியர் வால்டர் ஸ்பீசும் அதில் பங்கு கொண்டவர்கள். புதியதைப் புதியது என்று சொல்வதால் கலைக்கு இழுக்கில்லை.

1971இல் தென்பசாரில் பாலி அறிஞர்களும் கலைஞர்களும் கூடி, எந்த ஆடலைப் பயணிகளுக்குக் காட்டலாம் என்று ஆராய்ந்தனர். கோயிலின் உள்வெளியில் தெய்வத்துக்கே உரியவை 'வாலி' என்றும், விழாவை ஒட்டி ஆடுபவை 'பெபாலி' என்றும், மக்கள் மகிழ்வுக்குரியவை 'பாலி-பாலிஹான்' என்றும் மூன்றாகப் பகுத்தனர். தம்மைக் காண வரும் உலகத்துக்கு ஒரு சிறு தீவு, இதுவரை வரலாம், இதற்கு மேல் இல்லை என்று எல்லை வகுத்தது. எல்லை எங்கும் மீறப்படாமல் காக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் எல்லை உண்டு என்ற எண்ணமே பெரிது. விருந்தினர்க்கு உணவு உண்டு. வீட்டின் எல்லா அறைகளும் திறக்கப்படா.

இருட்டில் ஒரு கடற்கரை

காட்டுதலும் காட்டாமையும் ஒரே இடத்தில் கூடி நிற்பதைக் காண, உலகின் மறுபுறம், நடு அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவுக்குச் செல்ல வேண்டும். அதன் கரிபியக் கரையில் உள்ள தோர்த்துகேரோவின் பெயரே ஆமையை ஒட்டி எழுந்தது. பச்சை ஆமைகள் ஆண்டுதோறும் அங்கு முட்டையிட வரும். இறைச்சிக்காகவும் ஏற்றுமதிக்காகவும் அவற்றை வேட்டையாடுவது அவ்வூரின் தொழிலாக இருந்தது. 1950களில் ஆர்ச்சி கார் என்னும் அமெரிக்க அறிஞர் அங்கு ஆய்வைத் தொடங்கினார். 1975இல் அக்கரை தேசியப் பூங்காவாயிற்று. வேட்டையில் பிழைத்த ஊர் வழிகாட்டலில் பிழைக்கக் கற்றது. ஆமையின் தடத்தை மணலில் இருட்டிலும் அறியும் திறன் இரு தொழிலுக்கும் ஒன்றே. அத்திறன் அழியவில்லை, அதன் முகம் மட்டும் திரும்பியது.

முட்டையிடும் பருவத்தில் இரவில் அக்கடற்கரைக்கு வழிகாட்டியின்றிச் செல்ல இசைவில்லை. விளக்கில்லை, நிழற்படக் கருவியில்லை, பேச்சும் தாழ்ந்த குரலிலேயே. ஒளி பட்டால் ஆமை கடலுக்கே திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பின்னரே சிறுகுழு அருகே அழைக்கப்படுகிறது. அந்நேரத்தில் ஆமை எளிதில் கலைவதில்லை. சிவப்பு ஒளியில் சில நிமிடங்கள். பிறகு மீண்டும் இருட்டு. படமாக எடுத்துச்செல்ல முடியாத அக்காட்சியைப் பயணி சொல்லாக மட்டுமே ஊருக்குக் கொண்டுசெல்ல முடியும். கவிஞர்க்கு இதைவிடப் பெரிய மதிப்பை எந்த நாட்டுச் சட்டமும் தந்திருக்குமா?

அதே நாட்டின் மலைமேல் மொந்தேவெர்தே என்னும் முகிற்காடு இருக்கிறது. 1948இல் படையை ஒழித்த நாடு என்பதால், போர்ப்பணியை மறுத்த அமெரிக்கக் குவேக்கர் குடும்பங்கள் 1951இல் அங்குக் குடியேறின. 1972இல் காப்புக்காடு அமைந்தது. அம்மலையன்றி வேறெங்கும் வாழாத பொன்னிறத் தேரை ஒன்று மழைக்காலத் தொடக்கத்தில் சிறு குட்டைகளில் கூடும். 1987இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவை கண்ணுக்குப் பட்டன. 1989இல் ஒன்றே ஒன்று. பிறகு எவரும் கண்டிலர். 2004இல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. தோலைத் தாக்கும் காளான் நோயும் வெப்பமுற்று வறண்ட பருவங்களும் காரணமாகப் பேசப்படுகின்றன. காப்புக்காட்டில் ஒரு மரமும் வெட்டப்படாமலே ஓர் உயிரினம் போயிற்று. தேரை கூடிய இடத்தைக் காட்டி, இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது அங்கு வழிகாட்டியின் பணியில் ஒரு பகுதியாகிவிட்டது. கடல் கடந்து வானூர்தியில் வந்து அதைக் கேட்போர், வெப்பமுறும் அவ்வானத்தில் தம் பங்கையும் உணர்வாராயின் அப்பேச்சு பயன்பட்டதாகும்.

இத்தொழில் உறுதியானதன்று என்பதும் மறக்கத்தக்கதன்று. 2020இல் பெருந்தொற்றால் பயணங்கள் நின்றபோது, பாலியில் சுற்றுலாவை நம்பியிருந்தோர் பலர் ஊர் திரும்பி வயலிலும் கடற்பாசி வளர்ப்பிலும் இறங்கினர். காட்டையும் கலையையும் வழிகாட்டியின் ஒருநாள் வருவாயில் தொங்கவிட்டிருக்கும் உலகம், அந்நூல் அறுந்தால் என்ன செய்யும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

கவிஞர் கடன்

இவற்றால் பெறப்படுவன மூன்று.

முதலாவது, பெயர். பயணத்தைப் பற்றி எழுதுவோர், தமக்குக் காட்டியவரின் பெயரை, அவர் இசைவோடு, எழுத்தில் வைக்க வேண்டும். மரத்தின் பெயரையும் மலரின் பெயரையும் அவ்வூர் மொழியில் கேட்டு எழுத வேண்டும். 'பெயர் தெரியாத பறவை' என்று எழுதும் கவிஞர், அருகில் நின்றவரைக் கேட்கவில்லை என்பதையே எழுதுகிறார்.

இரண்டாவது, முழுமை. கினாபத்தாங்கானின் குரங்கை எழுதும் கை, பனைவரிசையையும் எழுத வேண்டும். பாலியின் வயலை எழுதும் கை, வயலின் நீரையும் எழுத வேண்டும். வழியின் இன்னலை மறைத்த ஆற்றுப்படை தமிழில் ஏற்கப்பட்டதில்லை.

மூன்றாவது, அடக்கம். காட்டப்படாதவற்றைக் காண முயலாமையும், இருட்டில் விளக்கேற்றாமையும் கவிதைக்குப் புறம்பான ஒழுக்கங்கள் அல்ல. சொல்லாமல் விடுவதன் ஆற்றலை அறிந்த அக இலக்கிய மரபின் பயிற்சியே அவை.

ஆற்றுப்படையில் வழி சொல்பவன், தான் பெற்றதை மற்றவனும் பெறட்டும் என்று சொன்னான். அவன் பாணன், கூத்தன், பொருநன். வழிகாட்டியும் கலைஞனும் அங்கு ஒருவரே. இன்று அவ்விரு பணிகளும் இருவரிடம் பிரிந்து கிடக்கின்றன. காட்டறிவு ஒருவரிடம், எழுதும் வாய்ப்பு மற்றொருவரிடம். வெப்பமண்டலக் காடுகளும் அவற்றோடு வாழும் கலைகளும் இந்த நூற்றாண்டில் எத்தனை எஞ்சும் என்பது, பெருமளவு, அவற்றைக் காட்டுவோர் அங்கேயே வாழ முடியுமா என்பதைச் சார்ந்திருக்கிறது. அவர்கள் வாழ்வுக்கு எழுத்தாளர் தரக்கூடியது பொருளன்று. கேட்ட சொல்லுக்குச் செலுத்தும் மதிப்பு. பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள், இனி எழுதும் பயணப் பாட்டுகளில் வழிகாட்டுவோர்க்கும் ஓர் இருக்கை இடுவார்களாயின், பத்துப்பாட்டின் சரிபாதிக்கு அவர்கள் உரியவராவார்கள்.